காலிப்பரின் முழங்கால் பூட்டு: பழுதும் பழுதுபார்ப்பும்

இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியதில் வலது தொடையின் முன்புறத் தசை முற்றிலும் செயலிழந்துபோனதால், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடையிலிருந்து பாதம் வரை நீளும் காலிப்பர் என்ற கால்தாங்கியை அணிந்தே நடந்துவருகிறேன். முழங்கால் மடங்கிவிடாமல் உடலைத் தாங்குவது அந்தத் தசையின் வேலை. அது இல்லாதவருக்கு அந்த வேலையைக் காலிப்பரின் முழங்கால் மூட்டில் இருக்கும் பூட்டு செய்கிறது. என்னுடைய காலிப்பரில் இருப்பது 'டிராப் லாக்' எனப்படும் வளையப் பூட்டு. கடந்த ஆண்டு முழுவதும் எனக்குத் தொல்லை கொடுத்த அந்தப் பூட்டையும், அதைக் கடைசியில் சரிசெய்து கொடுத்த மதுரைப் பட்டறை ஒன்றின் வேலையையும் இங்கே மதிப்பிட விரும்புகிறேன். இதே வகைக் காலிப்பரை அணிந்துகொண்டு, 'பூட்டு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்' என்ற பதிலை மட்டுமே கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

பூட்டின் அமைப்பு மிக எளியது. காலின் உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இரண்டு எஃகுப் பட்டைகள் ஓடுகின்றன. முழங்கால் மட்டத்தில் ஒவ்வொரு பட்டையிலும் ஒரு கீல் உண்டு. கீலுக்கு மேலே, பட்டையைச் சுற்றி ஒரு நீள்சதுர வளையம் நகரும். கால் முழுவதுமாக நேரானதும் அந்த வளையம் தன் எடையாலேயே கீழே இறங்கிக் கீலின் இரு பாதிகளையும் ஒருசேரக் கவ்விக்கொள்கிறது. உட்காரும்போது இரண்டு வளையங்களையும் விரலால் மேலே தூக்கிவிட வேண்டும்; தூக்கிய இடத்தில் அவை நிற்பதற்காகப் பட்டைக்குள் சுருள்வில்லின் மேல் அமர்ந்த ஒரு சிறு குண்டு இருக்கும். மின்கலமோ கம்பிவடமோ தேவையில்லை, மழையில் நனைந்தாலும் துடைத்துவிட்டு நடக்கலாம் என்பதே இதன் பெரும் சிறப்பு. கால் முழுவதும் நேராகாவிட்டால் வளையம் இறங்காது. கால் மடங்க முனைந்துகொண்டிருக்கும்போது வளையத்தைத் தூக்கவும் முடியாது. என் அனுபவத்தில் டிராப் லாக்கின் பழுதுகளில் முக்கால்வாசி இந்த இரண்டு விதிகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

இரண்டாவது விதியை நான் கற்றுக்கொண்டது ஆண்டிபட்டியிலிருந்து மதுரை செல்லும் பேருந்தில். உசிலம்பட்டியைத் தாண்டியபோது உட்கார இடம் கிடைத்தது. வழியில் யாரோ வைத்திருந்த அரிசி மூட்டைக்கு மேலாகக் காலை நீட்டியபடி அமர்ந்து, வளையங்களைத் தூக்க முயன்றேன். வெளிவளையம் ஏறியது, உள்வளையம் அசையவே இல்லை. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். ஆரப்பாளையம் வரும்வரை காலை நடைவழியில் நீட்டிக்கொண்டே, ஏறி இறங்கும் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தேன். பேருந்து நின்றபின் இறங்கி நின்று, உள்ளங்கையால் முழங்காலைப் பின்னோக்கி அழுத்தியதும் அதே வளையம் கொஞ்சம் முனகிவிட்டு ஏறிக்கொண்டது. காரணம் பின்னர் புரிந்தது. குதிகால் தரையில் ஊன்றாமல் கால் அந்தரத்தில் நீண்டிருக்கும்போது, காலின் எடையும் காலணியின் எடையும் சேர்ந்து முழங்காலை மடக்கப் பார்க்கின்றன. அந்த விசை முழுவதையும் வளையம்தான் தாங்குகிறது. அந்த நிலையில் அதைத் தூக்குவது, முழுச்சுமையோடு நிற்கும் வண்டியின் சக்கரத்துக்கு அடியிலிருந்து கட்டையை உருவுவதற்குச் சமம். இருக்கையின் விளிம்பில் அமர்ந்து, குதிகாலை முன்னால் தரையில் ஊன்றினால், காலின் எடையே முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தி நேராக்கிவிடும். வளையம் சுமையிழந்து எளிதாக ஏறும். இதற்குச் செலவு எதுவுமில்லை. எனக்குப் பூட்டு பொருத்திக் கொடுத்தவர்கள் எவரும் இதைச் சொல்லித் தந்ததில்லை என்பதையும் பதிவுசெய்கிறேன்.

ஆனால் உட்காரும் முறையை மாற்றிய பிறகும் தொல்லை முழுதாகத் தீரவில்லை. சரியாக உட்கார்ந்தாலும் உள்வளையம் சில நாட்களில் கடினமாகவே ஏறியது. அதைவிட மோசமாக, எழுந்து நிற்கும்போது அதே வளையம் பாதியில் நின்றுவிடத் தொடங்கியது. பாதி இறங்கிய வளையத்தைப் போல ஆபத்தானது வேறில்லை. கால்சட்டைக்கு மேலே தடவிப் பார்த்தால் இறங்கிவிட்டதாகவே தோன்றும், முதல் நான்கு அடிகளைத் தாங்கவும் செய்யும், ஐந்தாவது அடியில் வழுக்கிவிடும். 'இறங்கமாட்டேன்' என்பதும் 'ஏறமாட்டேன்' என்பதும் எதிரெதிர்க் குறைகள் அல்லவா, ஒரே வளையத்தில் இரண்டும் எப்படி வரும் என்பதுதான் எனக்குப் பல மாதங்கள் விளங்காத புதிராக இருந்தது.

காலிப்பரைச் செய்துகொடுத்த கடைக்கே முதலில் எடுத்துச் சென்றேன். மேசைமேல் வைத்து இரண்டு முறை மடக்கி நீட்டிப் பார்த்தார்கள். வளையம் இறுக்கமாக இருக்கிறது என்று முடிவுகட்டி, உள்வளையத்தின் உட்பக்கத்தை அரத்தால் ராவிக் கொடுத்தார்கள். பத்து நாட்கள் வெண்ணெய் போல இறங்கியது. பதினோராம் நாள் பழைய கதையோடு ஒரு புதிய கதையும் சேர்ந்துகொண்டது: ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் 'டக்' என்ற ஓசை, கூடவே ஒரு சிறு ஆட்டம். ராவியதால் வளையத்துக்கும் கீலுக்கும் இடையே இடைவெளி கூடிவிட்டது. மயிரிழை அளவு இடைவெளிகூட முழங்காலில் சில பாகை ஆட்டமாக மாறிவிடும். அந்த ஆட்டம் ஒவ்வோர் அடியிலும் கீலின் திருகையும், அதைச் சுற்றிப் பொருந்தியிருக்கும் சிறு குழலான புஷ்ஷையும் தட்டித் தட்டித் தேய்க்கும். வளையத்தை ராவுவது டிராப் லாக்குக்குச் செய்யக்கூடிய மிகத் தவறான மருத்துவம் என்பது என் உறுதியான கருத்து. விளிம்பில் பிசிறு இருந்தால் நுண்ணிய எமரித்தாளால் நீவிவிடலாம். அதற்கு மேல் உலோகத்தைக் குறைக்க முற்படும் கடையிலிருந்து காலிப்பரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவதே நல்லது.

இரண்டாவதாக நான் சென்ற பட்டறை மதுரையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. முதியவர் ஒருவரும் அவருடைய மருமகனும் நடத்துகிறார்கள். பளபளப்பான வரவேற்பறை இல்லை, வாசலில் உயரமான இரண்டு படிகள் வேறு. காலிப்பர் அணிந்து வருபவர்களுக்காகவே நடத்தப்படும் பட்டறையின் வாசலில் கைப்பிடி இல்லாத படிகள் இருப்பதற்கு நான் ஒரு மதிப்பெண்ணைக் கட்டாயம் குறைப்பேன். ஆனால் உள்ளே போனதும் நடந்தது வேறு. பெரியவர் காலிப்பரைக் கழற்றச் சொல்லவில்லை; நடக்கச் சொன்னார். முன்னும் பின்னும் பத்தடி நடக்கவிட்டு, பின்னாலிருந்து பார்த்தார். பிறகு உயரமான முக்காலியிலும் தாழ்வான பெஞ்சிலும் மாறி மாறி உட்காரச் சொன்னார். அதற்குப் பிறகுதான் கழற்றச் சொல்லி, தொடைப் பகுதியைக் கையில் கிடையாகப் பிடித்துக்கொண்டு, கீழ்ப்பகுதியைத் தொங்கவிட்டார். நல்ல மூட்டாக இருந்தால் கீழ்ப்பகுதி தன் எடையிலேயே தொப்பென்று விழ வேண்டும். என்னுடையது பாதிவழியில் தயங்கி, பிறகு மெல்ல இறங்கியது. "பூட்டுல குத்தமில்ல சார். பட்டைதான் முறுக்கிக் கிடக்கு. கீழ விழுந்தீங்களா?" என்றார்.

விழுந்திருந்தேன். ஐப்பசி மழையில் பள்ளிக்கூடத்துப் படிக்கட்டில் வழுக்கி, வலப்பக்கமாக. உடம்பில் சிராய்ப்பு மட்டுமே என்பதால், காலிப்பருக்கும் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். இரு மூட்டுகளின் திருகுகளையும் அவர் கழற்றிவிட்டு, நேரான ஓர் எஃகுக் கம்பியை வெளிமூட்டின் துளை வழியே செலுத்தினார். இரண்டு மூட்டுகளும் ஒரே அச்சில் இருந்தால் அக்கம்பி உள்மூட்டின் துளைக்குள்ளும் தானாகவே நுழைய வேண்டும். நுழையவில்லை, ஒரு தீக்குச்சியின் பருமன் அளவுக்கு விலகி நின்றது. கண்ணுக்குத் தெரியாத அந்த விலகல்தான் என் ஒரு வருடத் தொல்லைக்கு மூலம்.

அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். கதவுக்கு இரண்டு கீல்கள் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால் கதவு எப்படி இழுக்குமோ, அப்படித்தான் காலிப்பரின் இரண்டு மூட்டுகளும். கால் நேராகும்போது வெளிமூட்டு முதலில் தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. உள்மூட்டு இன்னும் இரண்டொரு பாகை மிச்சம் வைத்திருக்கிறது. எல்லையை எட்டாத மூட்டின் மேல் வளையம் முழுதாக இறங்க வழியில்லை, பாதியில் நிற்கிறது. நாம் முழங்காலை ஓங்கி அழுத்தினால் பட்டை சற்று வளைந்துகொடுக்கிறது, வளையம் இறங்கிவிடுகிறது. ஆனால் வளைந்துகொடுத்த எஃகு தன் பழைய நிலைக்குத் திரும்பத் துடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பு முழுவதும் வளையத்தின் மேல் விழுகிறது. ஆகவே உட்காரும்போது கால் சுமையற்று இருந்தாலும் வளையம் இறுகியே கிடக்கிறது. 'இறங்கமாட்டேன்', 'ஏறமாட்டேன்' என்ற இரண்டும் ஒரே முறுக்கின் இரண்டு முகங்கள். முதல் கடையில் மேசைமேல் வைத்துப் பார்த்தபோது இது தென்படாததற்கும் காரணம் உண்டு: உடலின் எடையும் காலின் திருகலும் சேராதபோது அந்தத் தீக்குச்சிப் பருமன் பெரிதாகக் காட்டிக்கொள்ளாது.

பட்டையை நிமிர்த்தும் வேலை முக்கால் மணிநேரம் எடுத்தது. கவை போன்ற வாய் கொண்ட இரண்டு வளைப்பிரும்புகளைப் பட்டையில் மாட்டி, சூடேற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு முறையும் கம்பியைச் செலுத்திப் பார்த்து நிமிர்த்தினார். திருகுத் துளைகளுக்கு நேராக வளைப்பிரும்பை வைக்கவே இல்லை. துளை இருக்கும் இடமே பட்டையின் மிக மெலிந்த இடம், அங்கே வளைத்தால் பிளவு விடும் என்பதால். நிமிர்த்தி முடித்தபின் ஒவ்வொரு துளையின் ஓரத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து மயிர்ப்பிளவு இல்லை என்று உறுதி செய்துகொண்டார். ஏற்கெனவே ஒருமுறை நிமிர்த்திய பட்டை அதே இடத்தில் மறுபடி வளைந்தால் நிமிர்த்தக்கூடாது, புதிது போட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார். பிறகு தேய்ந்த புஷ்ஷை மாற்றி, ராவிக் கெட்டுப்போன வளையத்தையும் மாற்றி, அச்சுத் திருகில் கழன்றுவராமல் இருப்பதற்கான பசையைத் தடவி முடுக்கினார்.

இந்தப் பட்டறையில் கற்ற ஒரு சிறு உத்தியை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். திருகை முடுக்கியபின், திருகின் தலையிலிருந்து பட்டை வரை குறுக்காக நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிட்டார். கோடு ஒரே நேராக இருக்கும்வரை திருகு அசையவில்லை என்று பொருள்; கோடு விலகினால் கழன்றுகொண்டிருக்கிறது. காலையில் காலிப்பரை மாட்டும்போது ஒரு பார்வை போதும். என் மகளின் செந்நிற நகப்பூச்சுக் குப்பி இப்போது என் மேசையில்தான் இருக்கிறது.

என் பங்குக்கு நான் செய்துவந்த தவறையும் சொல்ல வேண்டும். வளையம் இறுகும்போதெல்லாம் தேங்காய் எண்ணெயும், சில சமயம் தையல் இயந்திர எண்ணெயும் விட்டுக்கொண்டிருந்தேன். நான் ஆசிரியன், நாள் முழுதும் சுண்ணக்கட்டித் தூளில் நிற்பவன். எண்ணெயும் அந்தத் தூளும் கால்சட்டையின் நூற்பிசிறும் கலந்து, வளையத்துக்குள் சன்னல் கண்ணாடிக்கு ஒட்டும் மக்குப் பசைபோல ஒன்று உருவாகியிருந்தது. மருமகன் அதைப் பற்தூரிகையால் சுரண்டி எடுத்துக் காகிதத்தில் வைத்துக் காட்டியபோது வெட்கமாகத்தான் இருந்தது. வளையத்துக்கு எண்ணெயே வேண்டாம், துடைத்து உலரவைத்துக் கிராஃபைட் தூளோ உலர்வகை சிலிக்கான் பூச்சோ மிகச் சிறிதளவு போட்டால் போதும் என்பது அவர்களுடைய அறிவுரை. ஆறு மாதமாக அப்படியே செய்கிறேன், மாறுதல் தெரிகிறது. வளையம் தூக்கிய நிலையில் நிற்காமல் தானாகச் சரிகிறது என்றால் குண்டுக்கு அடியில் இருக்கும் சுருள்வில் சோர்ந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். அது சில்லறைக் காசு விலையுள்ள உறுப்பு, அதற்காக முழு மூட்டையும் மாற்றச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

பூட்டும் சரி, பட்டையும் சரி, ஆனாலும் வளையம் இறங்கவில்லை என்றால் காலையே பார்க்க வேண்டியிருக்கும். நெடுநேரம் மடக்கிய நிலையிலேயே உட்கார்ந்திருப்பவர்களுக்கு முழங்காலின் பின்புறத் தசைநார்கள் சுருங்கி, கால் முழுவதும் நேராகாமல் போய்விடுவதுண்டு. அத்தகைய காலைச் சாதாரண டிராப் லாக்குக்குள் வலிந்து நேராக்குவது தோலையும் மூட்டையும் புண்படுத்தும். அவர்களுக்கு உடற்பயிற்சி சிகிச்சையும், படிப்படியாகக் கோணத்தை மாற்றிப் பூட்டக்கூடிய வேறு வகை மூட்டும் வேண்டும். அதை முடிவுசெய்ய வேண்டியவர் பட்டறைக்காரர் அல்ல, புனர்வாழ்வு மருத்துவர். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலும் சென்னைக் கலைஞர் கருணாநிதி நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்திலும் மருத்துவரும் கருவி செய்பவரும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள் என்பது இவ்வகையில் பெரிய வசதி.

வேறு பூட்டுக்கு மாறலாமா என்ற கேள்விக்கும் விடை தேடினேன். 'பெயில் லாக்' எனப்படும் பூட்டில் முழங்காலுக்குப் பின்னால் ஓர் அரைவட்டக் கம்பி இருபக்கப் பூட்டுகளையும் இணைக்கிறது. நாற்காலியின் விளிம்பில் அதை அழுத்தினால் இரண்டும் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். ஊன்றுகோலைப் பிடித்திருக்கும் கைகளை விடுவிக்க வேண்டியதில்லை என்பது மிகப் பெரிய நன்மை. வயது ஏற ஏற விரல்களில் வலு குறைந்துவரும் என் போன்றவர்களுக்கு அது ஆசை காட்டும் அம்சம். ஆனால் பள்ளிக்கூடத்தில், மணி அடித்ததும் பின்னாலிருந்து ஓடிவரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் புத்தகப் பை அந்தக் கம்பியில் ஒருமுறை மோதினால் போதும். அதனால் எனக்கு அது ஒத்துவராது. அமைதியான அலுவலகத்தில் வேலை செய்பவர் தாராளமாகப் பரிசீலிக்கலாம். இரு பக்கமும் ஒரே கணத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதால் பட்டைகளின் நேர்த்தி இதில் இன்னும் முக்கியம். ஊன்றும்போது பூட்டி, காலை வீசும்போது தானாக விடுவித்துக்கொள்ளும் மூட்டுகளும், கணினி கட்டுப்படுத்தும் மூட்டுகளும் சந்தையில் உள்ளன. என் சம்பளத்துக்கு அவை எட்டாதவை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு வருத்தத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் இளம்பிள்ளை வாதம் கண்ட கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டது. அதில் என்னைவிட மகிழ்ந்தவர் அதிகம் பேர் இருக்க முடியாது. ஆனால் எஃகுப் பட்டையும் வளையப் பூட்டும் கொண்ட காலிப்பர்களை ஒரு காலத்தில் வாரம்தோறும் செய்துகொண்டிருந்த கைகளுக்கு இப்போது வேலை குறைந்துவிட்டது. நான் போன நாளில் அந்தப் பட்டறையில் காத்திருந்த ஆறு பேரில் ஐந்து பேர் நீரிழிவுக் காலணிக்கும் இடுப்புப் பட்டைக்கும் வந்தவர்கள். நாங்கள் இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் நடக்க வேண்டியவர்கள். கம்பியைச் செலுத்தி அச்சுப் பார்க்கத் தெரிந்தவர்கள் அத்தனை ஆண்டுகள் இருப்பார்களா என்பது எனக்குக் கவலைதான். மருமகன் ஆர்வமாகக் கற்றுக்கொள்வதைப் பார்த்ததில் கொஞ்சம் ஆறுதல்.

பழுதுபார்ப்புக்கு என்னிடம் ஆயிரத்து நூறு ரூபாய் வாங்கினார்கள்; வளையம், புஷ், திருகு, கூலி எல்லாம் அடக்கம். ரசீது கேட்டபோதுதான் எழுதித் தந்தார்கள், அதிலும் என்ன உறுப்பு மாற்றினார்கள் என்ற விவரம் இல்லை. நான் வற்புறுத்தி எழுதி வாங்கினேன். மாலை நான்கு மணிக்குத் தருவதாகச் சொன்னது ஆறரைக்குத்தான் கிடைத்தது. அந்த நேரம் முழுவதும் காலிப்பர் இல்லாமல் ஒரு மர நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டியிருந்தது, கழிவறைக்குப் போக வழியில்லை. இந்தக் குறைகளையும் வாசற்படிகளையும் தனியே வைத்துவிட்டு, வேலைக்கு மட்டும் ஐந்துக்கு நான்கரை மதிப்பெண் தருவேன். ஏழு மாதங்கள் ஆகின்றன. வளையங்கள் இரண்டும் எழுந்து நிற்கும்போது ஒரே ஓசையோடு இறங்குகின்றன, பேருந்தில் உட்காரும்போதும் மேலே ஏறுகின்றன. மழைநாட்களில் மட்டும் உள்வளையம் ஒரு நொடி யோசித்துவிட்டு இறங்குகிறது. அதை அவர்களிடம் சொன்னபோது, தையில் ஒருமுறை வாருங்கள், பார்த்துவிடலாம் என்றார்கள்.

செல்பவர்கள் தினமும் அணியும் காலணியையும், பூட்டு சிக்கும் கால்சட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் பழைய காலிப்பர் ஒன்றையும் கையோடு கொண்டுபோனால், காத்திருக்கும் நேரத்தில் எழுந்து நடக்கவாவது முடியும்.